மிச்சிகன் 2024: சீசனுக்கு முன் இந்த அணியின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன?

கேண்டன்வாசி, 18 ஆகஸ்ட் 2024

அனைவருக்கும் வணக்கம். நான் டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேண்டனில் வசிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (பந்தைக் கையில் வைத்து ஓடியும் எறிந்தும் ஆடுவது) மூன்று சீசன்களாகத்தான் பார்த்து வருகிறேன். விதிகள் புரிந்துவிட்டன, ஓர் அணியை எடைபோடும் கண் மட்டும் இன்னும் வாய்க்கவில்லை. இந்த ஆண்டு என் மகள் ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு சேர்கிறாள். மாணவர்களுக்கான சீசன் டிக்கெட்டையும் வாங்கிவிட்டாள். ஆகஸ்ட் 31 அன்று ஃபிரெஸ்னோ ஸ்டேட் அணி இங்கே வருவதற்குள், இந்த அணியைப் பற்றி அவளோடு உட்கார்ந்து உருப்படியாகப் பேசும் அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடந்த சீசனில் மிச்சிகன் ஆடிய 15 ஆட்டங்களையும் வென்றது. ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்துத் தேசியப் பட்டத்தைப் பெற்றது. அதன் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் இது அதே அணிதானா என்ற ஐயம் எழுகிறது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜெஸ்ஸி மின்டரும், உடற்பயிற்சிப் பொறுப்பாளர் பென் ஹெர்பர்ட்டும் அவருடனேயே கிளம்பிவிட்டார்கள். ஏப்ரலில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் எடுக்கும் தேர்வில்) இந்த ஓர் அணியிலிருந்து மட்டும் 13 பேர் தேர்வானார்கள். இவ்வளவுக்குப் பிறகும் செய்தியாளர்கள் வாக்களிக்கும் சீசனுக்கு முந்தைய ஏபி தரவரிசையில் 9ஆம் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

என்னால் முடிந்த ஒரு முயற்சியைச் செய்து பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் தாக்குதலுக்கு 11, தடுப்புக்கு 11 என்று 22 கட்டங்கள் வரைந்து, திரும்பி வருபவர் இருந்தால் டிக், போய்விட்டால் பெருக்கல் குறி என்று போட்டேன். தடுப்புப் பக்கம் ஏறக்குறைய பாதி டிக் விழுந்தது. தாக்குதல் பகுதியில் பக்கம் முழுவதும் பெருக்கல் குறியாகவே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது என்று தெரியவில்லை. நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்? எதற்கு அதிக எடை கொடுப்பீர்கள்?

மஞ்சள்நீலம், 18 ஆகஸ்ட் 2024

வணக்கம் நண்பரே, மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மைதானத்தில் உட்கார்ந்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டம் போட்டது நல்ல தொடக்கம்தான். ஆனால் அதில் 22 கட்டங்களுக்கும் ஒரே மதிப்பு கொடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தில்தான் கணக்கு தவறுகிறது. பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டின் இருபுறமும் குனிந்து நிற்கிறார்களே, அந்த முன்வரிசைகளிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து வெளியே வாருங்கள். பெயர் பெற்ற ஓட்டக்காரர்களையும் பந்து பிடிப்பவர்களையும் கடைசியில் பார்த்தால் போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு 2023 நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட்டில் நடந்த ஆட்டத்தை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அன்று ஹார்பா இடைநீக்கத்தில் இருந்தார். ஷெரோன் மூர் பொறுப்புத் தலைமைப் பயிற்சியாளராக நின்றார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அதிகாரபூர்வக் கணக்கின்படி, மிச்சிகன் தொடர்ந்து 32 முறை பந்தை ஓடியே நகர்த்தியது. அடுத்து வரப்போவதும் ஓட்டம்தான் என்று எதிரணிக்குத் தெரியும். அரங்கில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவர்களால் நிறுத்த முடியவில்லை. 24-15 என்று வென்றோம். அந்த வெற்றியில் பெரும்பங்கு பெயரே வெளியில் தெரியாத முன்வரிசைக்காரர்களுடையது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வாருங்கள். அந்த வரிசையில் முக்கியமாக ஆடிய ஸாக் ஸின்டர், டிரெவர் கீகன், டிரேக் நியூஜென்ட், லடேரியஸ் ஹென்டர்சன், கார்சன் பார்ன்ஹார்ட், டிரென்டே ஜோன்ஸ் ஆறு பேரும் இல்லை. பந்து பிடிப்பதில் ரோமன் வில்சனும் கார்னீலியஸ் ஜான்சனும் போனதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட இந்த ஆறு பெருக்கல் குறிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவர்கள் இடத்துக்கு வருகிறவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். மைல்ஸ் ஹின்டன் சென்ற ஆண்டே சில ஆட்டங்களைத் தொடங்கியவர். ஜாஷ் ப்ரீபி நார்த்வெஸ்டர்னில் பல ஆட்டங்கள் ஆடிவிட்டு வந்திருக்கிறார். கிரெக் கிரிப்பனும் ஜியோவானி எல்-ஹாதியும் இங்கேயே பல ஆண்டுகள் காத்திருந்து வளர்ந்தவர்கள். வலது டேக்கிள் (வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவர்) இடம் இன்னும் முடிவாகவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் தேறிவிடுவார்கள். ஐந்து பேராகச் சேர்ந்து ஆடிய பழக்கம்தான் இல்லை. எதிரணியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் குறுக்கே இடம் மாறிப் பாயும்போது, கார்டும் (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) டேக்கிளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, ஒருவர் விட்டவனை மற்றவர் பிடித்தாக வேண்டும். அரை வினாடி தயங்கினால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். அந்த ஒத்திசைவு ஆகஸ்ட் மாதப் பயிற்சியில் முழுதாக வந்துவிடாது. செப்டம்பர் 7 அன்று டெக்சஸ் வருகிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

ஆறுதல் ஒன்று உண்டு. மூர் தலைமைப் பொறுப்புக்கு வருவதற்கு முன் முன்வரிசைப் பயிற்சியாளராகவே பெயர் எடுத்தவர். நாட்டின் சிறந்த முன்வரிசைக்குக் கொடுக்கும் ஜோ மூர் விருதை 2021, 2022 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மிச்சிகன் பெற்றது அவருடைய கையில்தான். இப்போது அந்த வேலை கிரான்ட் நியூசமிடம் போயிருக்கிறது. மூரின் கண் அங்கிருந்து விலகிவிடாது என்று நம்புகிறேன்.

இனி பலத்தைச் சொல்கிறேன். தடுப்புப் பக்கத்தில் நடுவில் நிற்கும் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் இருவரும்தான் இந்த அணியின் அச்சாணி. சென்ற ஆண்டு இந்தத் தடுப்பாட்டம் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.4 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்தது. நாட்டிலேயே மிகக் குறைவு அதுதான். கிறிஸ் ஜென்கின்ஸ், ஜூனியர் கோல்சன், மைக் செயின்ரிஸ்டில் எல்லாரும் போன பிறகும் நான் நிம்மதியாக இருப்பது இந்த இருவர் இருப்பதால்.

சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில் கோல் பக்கத்துக் கீழ் வரிசைகளில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து கிரஹாமின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக் காலத்தில் மல்யுத்தம் செய்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்து அசைந்ததும் அவருடைய இடுப்பு எதிரே இருப்பவரின் இடுப்பைவிடத் தாழ்ந்து போகிறது. கைகள் எதிராளியின் நெஞ்சுக்குள் முதலில் நுழைந்துவிடுகின்றன. கபடியில் கால் பிடிக்கிறவன் உடலைத் தாழ்த்தி இறங்குவானே, அந்த இறக்கம். அவரைச் சமாளிக்க எதிரணி இரண்டு பேரை ஒதுக்கியாக வேண்டும். கிரான்ட்டுக்கும் இரண்டு பேர் தேவைப்பட்டால் மீதி யாரை யார் தடுப்பது? பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களை யாரும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் ஓடி வந்து பந்து வைத்திருப்பவரைப் பிடித்துவிடுகிறார்கள். கோல்சனுக்குக் கிடைத்த பெயரில் ஒரு பாதி இந்த நடுவரிசைக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம். அவர் இடத்தில் எர்னஸ்ட் ஹவுஸ்மனும், மேரிலாண்டிலிருந்து வந்திருக்கும் ஜெய்ஷான் பார்ஹமும் ஆடும்போது இதை நீங்களே பார்க்கலாம்.

கிரான்ட்டின் எடை ஏறத்தாழ 150 கிலோ. அதே பென் ஸ்டேட் ஆட்டத்தில் கைட்ரான் ஆலன் பந்தோடு தப்பி ஓடியபோது, பின்னாலேயே துரத்திப் போய்ப் பிடித்தவர் இவர்தான். அந்த உடம்புக்கு அந்த ஓட்டம் எப்படி வந்தது என்று வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம்.

தடுப்பு வரிசையின் விளிம்புகளில் ஜோசையா ஸ்டூவர்ட்டும் டெரிக் மூரும் இருக்கிறார்கள். பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றின் அரையிறுதியான ரோஸ் பௌலில் அலபாமாவின் கடைசி முயற்சியை, அந்த நான்காவது டவுனை (பந்தை நகர்த்தக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ ஓடத் தொடங்கும்போதே எதிரே தடுக்க நின்றவரை ஸ்டூவர்ட் பின்னுக்குத் தள்ளிக் கொண்டுபோய் வழியை அடைத்துவிடுகிறார்.

ஆகவே என் கணிப்பு இது. இந்த ஆண்டு மிச்சிகன் 40 புள்ளிகள் எடுக்கும் அணியாக இருக்காது. 17-13, 20-16 என்று இழுத்துப் பிடித்து வெல்கிற அணியாக இருக்கும். 9 வெற்றிகள் வந்தால் நல்ல ஆண்டு என்பேன்.

கொலம்பஸ் தமிழன், 19 ஆகஸ்ட் 2024

மஞ்சள்நீலம் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒஹாயோ ஸ்டேட் ஆதரவாளன். 2021, 2022, 2023 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உங்களிடம் தோற்ற வலி எங்களுக்கு உண்டு. எங்கள் அணியில் குயின்ஷான் ஜட்கின்ஸ், டிரெவியன் ஹென்டர்சன் என்ற இரு ஓட்டக்காரர்களும் ஒன்றாக இருந்தும், நவம்பர் 30 அன்று நான் அஞ்சப்போவது அந்த நடுவரிசை இருவரைத்தான்.

ஆனால் தடுப்பாட்டத்தை அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறார். முன்வரிசைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு பக்கத்தில் வில் ஜான்சன் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேச்சே இல்லை, நாட்டின் மிகச் சிறந்த கார்னர்பேக்குகளில் (ஓரத்தில் நின்று பந்து பிடிப்பவர்களை மறிப்பவர்கள்) ஒருவர். மறுபக்கத்தில் யார்? ஸ்லாட்டில் (நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே) நின்று சென்ற ஆண்டு முழுவதையும் தாங்கிய செயின்ரிஸ்டில் போய்விட்டார். கடைசிக் காவலாகப் பின்னால் நிற்கும் சேஃப்டி ரோட் மூர் வசந்தகாலப் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே இருக்கிறார். பின்வரிசையில் எல்லாரையும் சரியான இடத்தில் நிறுத்தி வைத்தவர் அவர்தான். மக்காரி பேஜ் அனுபவசாலி. அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களில் பலர் முழு சீசன் ஆடிப் பழகாதவர்கள்.

இதோடு புதிய தடுப்பாட்டப் பயிற்சியாளரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டான் மார்ட்டின்டேல் பால்டிமோர் ரேவன்ஸில் வளர்த்த முறைதான் மின்டருக்கு முன் இங்கே தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்த மைக் மக்டானல்ட் வழியாகவும் மின்டர் வழியாகவும் ஆன் ஆர்பருக்கு வந்தது; அதனால் ஆட்டக்காரர்களுக்குச் சொற்களும் அடையாளங்களும் புதிதாக இருக்காது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதே முறையை நடத்தும் கை வேறு. மின்டர் நான்கு பேரை மட்டும் பாய அனுப்பி ஏழு பேரைப் பின்னால் நிறுத்தி, எதிரணி குவார்ட்டர்பேக்கைக் குழப்புவார். மார்ட்டின்டேல் நியூயார்க் ஜயன்ட்ஸில் இருந்தபோது ஐந்து, ஆறு பேரை ஏவிவிடுவதற்குப் பெயர் போனவர். ஏவினால் பின்னால் ஒருவருக்கு ஒருவர் என்றுதான் நிற்க முடியும். நிலைபெற்ற ஒரே ஒரு கார்னரை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் டெக்சஸின் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் போன்ற ஒருவர் மற்றப் பக்கத்தையே தேடித் தேடி எறிவார். டெக்சஸ் சென்ற ஆண்டு பிளேஆஃப் வரை வந்த அணி. ஆரெகனும் இந்த ஆண்டு முதல் நாம் ஆடும் பிக் டென் லீகில் இருக்கிறது. நவம்பர் 2 அன்று உங்கள் ஊருக்கே வருகிறது.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். இந்த சீசனிலிருந்து ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி வைத்து, களத்தில் இருக்கும் ஓர் ஆட்டக்காரரோடு பயிற்சியாளர் நேரடியாகப் பேச அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எதிரணியின் சைகைகளைப் படிப்பது பற்றிச் சென்ற ஆண்டு எழுந்த புகார்களை இங்கே மறுபடியும் விவாதிக்க நான் விரும்பவில்லை. எல்லா அணிகளுக்கும் இப்போது சமமான களம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கேண்டன்வாசி, 19 ஆகஸ்ட் 2024

இருவருக்கும் மிக்க நன்றி. பென் ஸ்டேட் ஆட்டத்தை நேற்றிரவு மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். பந்தைப் பார்க்காமல் ஐந்து பேரை மட்டும் பார்ப்பது முதலில் சிரமமாக இருந்தது. இரண்டாம் பாதியில் பழகிவிட்டது. நியூஜென்ட்டும் கீகனும் ஒரே நேரத்தில் ஒருவரைத் தள்ளிவிட்டு, அதில் ஒருவர் மட்டும் கழன்று அடுத்தவரிடம் போவதை என் மகள்தான் முதலில் கவனித்துச் சொன்னாள்.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. குவார்ட்டர்பேக் யார் என்றே பயிற்சியாளர் இன்னும் அறிவிக்கவில்லை. அது தெரியாமல் எப்படி எடைபோடுவது?

பழைய மாணவி, 20 ஆகஸ்ட் 2024

சகோதரரே, யார் என்று தெரியாவிட்டாலும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். முந்தைய குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி சென்ற ஆண்டு முழுவதும், 15 ஆட்டங்களிலும் சேர்த்து, எதிரணியின் கையில் எறிந்த பந்துகள் 4 மட்டுமே. மின்னசோட்டா வைக்கிங்ஸ் டிராஃப்டில் அவரை 10ஆவது ஆளாக எடுத்ததற்கு அவருடைய கைவலிமையைக் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்த 4 என்ற எண்தான் பெரிது. தடுப்பாட்டத்தை நம்பி வெல்லும் அணிக்கு, பந்தைப் பறிகொடுக்காத குவார்ட்டர்பேக் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தன் எல்லையிலேயே பந்தைக் கொடுத்துவிட்டால், 10.4 புள்ளி விடும் தடுப்பாட்டம்கூட 20 யார்டு இடத்தில் நின்று என்ன செய்ய முடியும்?

போட்டியில் முன்னால் இருப்பவர்கள் டேவிஸ் வாரன், அலெக்ஸ் ஓர்ஜி இருவர். ஜாக் டட்டில் அனுபவம் மிக்கவர், ஆனால் காயத்திலிருந்து மீண்டு வருகிறார். வாரன் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்தவர். பள்ளியில் படிக்கும்போதே ரத்தப் புற்றுநோய் வந்து, அதிலிருந்து மீண்டு, இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறை களத்தில் இறங்கும்போதும் மனதாரக் கைதட்டுவேன். ஆனாலும் கல்லூரி ஆட்டங்களில் அவர் எறிந்திருப்பது மிகக் கொஞ்சம். ஓர்ஜி நல்ல ஓட்டக்காரர். சென்ற ஆண்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக உள்ளே வந்து ஒரே ஓட்டத்தில் 20 யார்டு போனதை மறக்க முடியாது. அவரை ஓடுவதற்காகவே உள்ளே அனுப்பினார்கள் என்பதால் எறிவதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. இந்த இடத்தில் நானும் நம்பிக்கை வைக்கத் தயங்குகிறேன்.

யார் வந்தாலும் அவருக்கு உதவியாக இருக்கப்போகிறவர் டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று பந்தும் பிடிப்பவர்) கோல்ஸ்டன் லவ்லண்ட். சென்ற ஆண்டு 45 முறை பந்து பிடித்து 649 யார்டு சேர்த்தவர். புதிய குவார்ட்டர்பேக் பதறும்போது அருகில், உயரமாக, நம்பிக்கையான ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதல் இரண்டு ஆட்டங்களில் பார்ப்பீர்கள். ஓட்டத்துக்கு டானவன் எட்வர்ட்ஸ் இருக்கிறார். இறுதி ஆட்டத்தில் 41, 46 யார்டு என்று இரண்டு டச் டவுன்கள் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) ஓடியவர், இந்த ஆண்டு வீடியோ விளையாட்டின் அட்டையிலும் இடம் பிடித்துவிட்டார். ஆனால் சென்ற ஆண்டு 27 டச் டவுன்கள் ஓடிய பிளேக் கோரமின் வேலை வேறு வகையானது. மூன்றாவது டவுனில் இரண்டு யார்டு வேண்டும், எல்லாரும் நடுவில் குவிந்திருக்கிறார்கள் என்ற நிலையில் தலையைக் குனிந்து உள்ளே போகிறவர் அவர். எட்வர்ட்ஸ் வெளியில் இடம் தேடுபவர். அந்த இரண்டு யார்டுக்கு நான் கேலெல் மலிங்ஸைத்தான் பார்க்கிறேன். முன்பு லைன்பேக்கராக ஆடியவர், மோதலுக்கு அஞ்சமாட்டார்.

யாரும் பேசாத ஒன்றையும் சொல்கிறேன். 17-13 என்று வெல்லப்போகிற அணிக்கு, பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர் முக்கியம். ஆர்கன்சா ஸ்டேட்டிலிருந்து டொமினிக் ஸ்வாடா வந்திருக்கிறார். நான்காவது ஆட்டத்துக்குள் அவர் பெயரை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

அட்டவணையில் முதல் ஐந்து ஆட்டங்களும் சொந்த மண்ணில் நடப்பது பெரிய வரம். அதற்குப் பிறகுதான் வாஷிங்டன், இல்லினாய் என்று வெளியூர்ப் பயணங்கள் வருகின்றன. அக்டோபர் 19 அன்று நடக்கும் இல்லினாய் ஆட்டத்தைச் சுலபமாக எண்ணாதீர்கள். 1924 அக்டோபர் 18 அன்று அந்த மைதானத்தின் அர்ப்பணிப்பு விழாவில் ரெட் கிரேஞ்ச் முதல் 12 நிமிடங்களுக்குள் மிச்சிகனுக்கு எதிராக நான்கு டச் டவுன்கள் ஓடினார். அதன் நூற்றாண்டை வைத்துக்கொண்டு அந்த ஊர் நமக்காகக் காத்திருக்கிறது.

மஞ்சள்நீலம், 20 ஆகஸ்ட் 2024

சகோதரி சொன்ன கிக்கர் விஷயத்தை நான் விட்டுவிட்டேன், முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பின்வரிசை பற்றிக் கொலம்பஸ் நண்பர் சொன்னதை நான் பாதிதான் ஏற்கிறேன். நான்கு பேரே எதிரணி குவார்ட்டர்பேக்கை நெருக்கிவிடும்போது மார்ட்டின்டேல் ஆறு பேரை அனுப்ப வேண்டிய தேவை இருக்காது என்று எண்ணுகிறேன். ஹெர்பர்ட் போனதைத்தான் நாம் யாரும் எடைபோடவில்லை. கடைசிக் கால்பகுதியில் எதிரணி களைத்து நிற்க நம் பிள்ளைகள் நிமிர்ந்து நின்றதற்கு அவர் கொடுத்த பயிற்சி காரணம். அது தொடர்கிறதா என்பதை அக்டோபரில் பார்ப்போம்.

கேண்டன்வாசி, 5 ஜனவரி 2025

நான்கரை மாதங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்பி வருகிறேன். யார் சொன்னது பலித்தது என்று பார்ப்பது என் நோக்கமன்று; நீங்கள் கற்றுக்கொடுத்தபடி பார்த்ததில் எனக்குக் கிடைத்ததைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

வழக்கமான சீசன் 7-5 என்று முடிந்தது. டெக்சஸிடம் 31-12, ஆரெகனிடம் 38-17 என்று தோற்றோம். டெக்சஸ் ஆட்டத்தில் யூவர்ஸ் மூன்று டச் டவுன் எறிந்தபோது கொலம்பஸ் நண்பர் எழுதியது அப்படியே கண்முன் நடந்தது. வாரன் முதல் மூன்று ஆட்டங்களில் 6 பந்துகளை எதிரணியிடம் எறிந்துவிட்டார். பிறகு ஓர்ஜி, பிறகு டட்டில், மறுபடியும் வாரன் என்று மாறிக்கொண்டே இருந்தது. மெக்கார்த்தியின் அந்த 4 என்ற எண்ணின் அருமை அப்போதுதான் புரிந்தது. இல்லினாயில் 21-7 என்று தோற்ற அன்று சகோதரியின் எச்சரிக்கையை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டு ஆட்டங்களை என் மகளும் நானும் மறக்க மாட்டோம். செப்டம்பர் 21 அன்று யுஎஸ்சியுடன் (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் எறிந்து சேர்த்தது வெறும் 32 யார்டு. கடைசி 37 வினாடி மீதமிருந்தபோது, நான்காவது டவுனில், மலிங்ஸ் உள்ளே புகுந்து 27-24 என்று வென்றுகொடுத்தார். மாணவர் பகுதியிலிருந்து மகள் அழைத்தபோது இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆறு வாரத்துக்கு முன் ஜான்சன், கோரம் என்று பெயர்களைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அன்று அந்தக் கோட்டில் எல்-ஹாதி எங்கே நின்றார் என்பது தெரிந்திருந்தது.

மற்றது நவம்பர் 30, கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டுடன். வில் ஜான்சன் இல்லை, லவ்லண்ட் இல்லை. வாரன் எறிந்தது 62 யார்டு. எதிரே ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா, ஹென்டர்சன், ஜட்கின்ஸ் என்று எல்லாரும் இருந்தார்கள். ஒஹாயோ ஸ்டேட் நடுவிலேயே ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தது. கிரஹாமும் கிரான்ட்டும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கிரஹாமின் மேல் விழுவதையும், அவர் கால் நகராமல் நிற்பதையும் தொலைக்காட்சியிலேயே பார்க்க முடிந்தது. கடைசியில் மலிங்ஸின் 27 யார்டு ஓட்டம், 45 வினாடி இருக்கும்போது ஸ்வாடாவின் 21 யார்டு கிக், 13-10. அதே ஆட்டத்தில் அதற்கு முன் 54 யார்டிலிருந்தும் ஒன்று போட்டிருந்தார். சீசன் முழுவதும் அவர் முயன்ற 22இல் 21 உள்ளே போயின. 17-13 என்று சொன்ன மஞ்சள்நீலம் அவர்களுக்கு என் வணக்கம். டிசம்பர் 31 அன்று டாம்பாவில் அலபாமாவை 19-13 என்று வென்றதோடு 8-5 என்று ஆண்டு முடிந்தது. கொலம்பஸ் நண்பரின் அணி அந்தத் தோல்விக்குப் பிறகும் பிளேஆஃபில் முன்னேறிக்கொண்டிருக்கிறது; அவருக்கு என் வாழ்த்துகள்.

இப்போது 2025க்காகப் புதிய நோட்டில் 22 கட்டம் வரைந்திருக்கிறேன். குவார்ட்டர்பேக்காக பெல்வில்லிலிருந்து வரும் பிரைஸ் அண்டர்வுட்டைப் பற்றித்தான் எல்லா இடத்திலும் பேச்சாக இருக்கிறது. அந்தக் கட்டத்தை நான் இன்னும் தொடவில்லை. கிரஹாம், கிரான்ட் இருவருமே டிராஃப்டுக்குப் போவதாக அறிவித்துவிட்டார்கள். தடுப்பு வரிசையின் நடுவில் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். அந்த இடங்களில் யார் நிற்கப்போகிறார்கள், அவர்கள் இந்த ஆண்டு எத்தனை ஆட்டங்களில் உள்ளே வந்தார்கள், எந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தால் அவர்கள் தெரிவார்கள் என்று சொல்ல முடியுமா?